அண்ணனுக்கு உயிர்வாழ் சான்றிதழ்

1

என் மகளைப் பற்றி ஊரில் ஏதேதோ பேச்சு ஓடுவதாகக் காதில் விழுந்தது. முதலில் அதை நேராக்கிவிடுகிறேன். கிளேர் டாக்டருக்குப் படிக்கவில்லை. பாரிசுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறாள். ஐந்து வருடப் படிப்பில் இது நான்காவது வருடம். மனம் நோய்ப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசி உதவுகிற பிரிவு அவளுடையது. புதுச்சேரியில் எங்கள் குருசுக்குப்பத்திலிருந்து என் சித்தி மகன் போனில் கேட்டான்: "இன்னாண்ணே, பாப்பா ஊசி கீசி போடுமா?" ஊசியும் கிடையாது, மாத்திரை எழுதவும் அனுமதி கிடையாது, பேச்சு மட்டும்தான் என்றேன். "பேசறதுக்கா அஞ்சு வருசம்?" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

முதல் வருடம் நானும் சிரித்தவன்தான். பேசுவதற்குப் படிக்கிறவர்கள் பேசுவதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. எதிரில் இருப்பவனைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நம் ஊரில் இதற்குப் போட்டு வாங்குவது என்று பெயர். இங்கே அதற்குப் பட்டம் கொடுக்கிறார்கள்.

என் தொழில் தெரியாதவர்களுக்காக: ஒரு பெரிய துணிக்கடையில் காவல் வேலை. கறுப்புக் கோட்டு, காதில் ஒரு சின்னக் கருவி, நாள் முழுக்க நிற்க வேண்டும். யார் கை எந்தப் பைக்குள் போகிறது, யார் ஒரே சட்டையை மூன்று முறை எடுத்து வைக்கிறாள், இதுதான் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். "நீங்க கோட்ட மட்டுந்தான் கழட்டறீங்க, கண்ண கழட்டறதில்ல" என்று என் மனைவி தெரேஸ் அடிக்கடி சொல்வாள். தெரேஸ் காரைக்கால் பெண். ஆனால் இங்கே பிரான்சிலேயே வளர்ந்தவள்.

அந்தக் கண்ணுக்குத்தான் மகளிடம் வந்த மாற்றம் முதலில் பட்டது. முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். கதவைச் சாத்துவாள். பிரெஞ்சில் திட்டுவாள், பாதி எனக்குப் புரியாது, நிம்மதியாக இருக்கும். இப்போது அப்படி இல்லை. கடையில் ஒருத்தன் என்னை 'உன் நாட்டுக்குப் போ' என்றான் என்று சொல்கிறேன். அவள் ரொட்டியைக் கீழே வைக்கிறாள். என்னைப் பார்க்கிறாள். "அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு, பப்பா?" என்கிறாள். கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள்.

எப்படி இருக்கும்? எரிச்சலாகத்தான் இருக்கும். பெற்ற மகள் கேட்கிற கேள்வியா அது? யாரிடமோ பயின்றுவிட்டு வந்து என்மேல் பழகிப் பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது. அன்றிலிருந்து அவளிடம் அளந்துதான் பேசினேன்.

2

வாரத்தில் இரண்டு நாள் அவளுக்கு ஒரு மனநல மருத்துவமனையில் பயிற்சி. அந்த இரண்டு நாளும் திரும்பி வந்ததும் ஒரு பச்சை நோட்டில் எழுதுவாள். நான் அறைக்குள் போனால் நோட்டு மூடிக்கொள்ளும். என்னைப் போன்ற ஆளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஒரு சனிக்கிழமை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து எடுத்துப் பிரித்தேன். தப்புதான். தெரிந்தேதான் செய்தேன். முதலிலேயே கண்ணில் பட்டது: 'திரு. ஆ., ஐம்பத்தேழு வயது. யாரையும் நம்புவதில்லை. சாப்பாட்டில் மனைவி ஏதோ கலக்கிறாள் என்கிறார். தொடர்ந்து விழிப்பாகவே இருக்கிறார். தூக்கம் குறைவு.'

என் பெயர் ஆல்பேர். எனக்கு ஐம்பத்தேழு வயது. போன வாரம்தான் தெரேசிடம், ரசத்தில் என்னத்தைப் போட்டுத் தொலைத்தாய், வாய் வைக்க முடியவில்லை என்று கத்தியிருந்தேன்.  கையில் நோட்டோடு அப்படியே நின்றேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கிளேர் வந்து பார்த்தாள்.

"என் நோட்ட ஏன் எடுத்த?"

"நான்தான் உனக்குக் கெடச்சேனா? பெத்த அப்பன வெச்சுப் பரீட்சை எழுதறியா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"இது ஆஸ்பத்திரில இருக்கற ஒருத்தர், பப்பா. பேரு, வயசு எல்லாம் மாத்தித்தான் எழுதணும். அதையே வெளிய யாரும் பாக்கக் கூடாது. நீ பாத்துட்டன்னு நான் எங்க பொறுப்பாளருக்குச் சொல்லணும்."

"சொல்லாத. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

திங்கட்கிழமையே போய்ச் சொல்லிவிட்டாள். அங்கே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று தெரேஸ் மூலமாகத் தெரிந்தது. என்னோடு எட்டு நாள் பேசவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வெட்கமாகவும் இருந்தது, முழுக்க நம்பிக்கையும் வரவில்லை. ஐம்பத்தேழு என்கிற எண்தானா அவளுக்குக் கிடைத்தது? வேறு வயதே உலகத்தில் இல்லையா?

3

பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பெரிய தாளை விரித்தாள். வீட்டுப்பாடமாம். அவரவர் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு வரைய வேண்டும். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். இறந்தவர்கள்மேல் குறுக்கே கோடு. யாருக்கு என்ன நோய், யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அதில் வர வேண்டும். பிறர் வீட்டுக் கதையைக் கேட்கப் போகிறவர்கள் தங்கள் வீட்டுக் கதையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பேராசிரியை சொன்னாராம். அந்தப் பெண்மணியை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

தெரேஸ் வீட்டுப் பக்கம் மளமளவென்று நிரம்பியது. என் பக்கம் வந்தாள். அப்பா, அம்மா, நான். என் சதுரத்துக்கு இடப்பக்கம் இன்னொரு சதுரம்.

"அந்துவான் பெரியப்பா எதுல செத்தாரு, பப்பா?"

"வயித்துவலி."

"பட்டாளத்துல ஜீப் கவுந்து செத்தாருன்னு சின்ன வயசுல சொன்ன."

"ஜீப் கவுந்து வயித்துல அடி."

 அவள் குறுக்குக்கோடு போடவில்லை. சதுரத்துக்குள் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள். 

குருசுக்குப்பத்துக்காரர்களே, இந்த இடத்தில் நீங்கள் நமுட்டுச் சிரிப்புச் சிரிப்பீர்கள் என்று தெரியும். அண்ணன் சாகவில்லை என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் எனக்கு உடந்தை. நாங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம், "பாப்பா முன்னால பெரியவன் பேச்ச எடுக்காதீங்க" என்று போனிலேயே சொல்லி வைப்பேன். நீங்களும் கப்சிப் என்று இருந்தீர்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணன் பதினெட்டு வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனான். பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரனை நம் ஊரில் சொல்தா என்போம், சொல்தா என்றால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். ஆறாவது வருடம் அவனைத் திருப்பி அனுப்பினார்கள். பட்டாளத்தில் இருந்தபோதே ஆரம்பித்துவிட்டதாம். யாரோ பின்னாலேயே வருகிறார்கள், கடிதத்தைப் பிரிக்கிறார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் பேசுகிறார்கள் என்பான். யார் என்று கேட்டால் 'அவனுங்க' என்பான். பெயர் சொல்ல மாட்டான். கடற்கரைச் சாலையில் யார் திரும்பிப் பார்த்தாலும் சண்டைக்குப் போவான். மருத்துவமனை, மாத்திரை, வீடு, மறுபடி மருத்துவமனை என்று போனது. நோயால் வேலை இழந்தவன் என்று பட்டாளத்திலிருந்து ஓய்வூதியம் மட்டும் வந்தது.

எனக்குக் காரைக்கால் சம்பந்தம் பேச வந்தார்கள். பிரான்சில் குடியிருக்கிற குடும்பம். என்னையும் அழைத்துக்கொள்வார்கள். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துச் சொன்னார்: "வூட்ல ஒன்னு இப்பிடி இருக்குன்னா எவன்டா பொண்ணு குடுப்பான்? பட்டாளத்துலயே செத்துப் பூட்டான்னு சொல்லிடு." சொன்னேன். பெண் வீட்டார் வந்த அன்று அண்ணனை அரியாங்குப்பத்தில் தனலட்சுமி அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். அக்கா எங்களுக்குச் சொந்தமில்லை, அண்ணன் இருந்த மருத்துவமனையில் ஆயாவாக வேலை பார்த்தவர். அவர் சொன்னால் அண்ணன் கேட்பான். ஒரு நாளைக்கு என்றுதான் விட்டோம். அம்மா செத்த பிறகும் அவன் அங்கேதான் இருக்கிறான்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கல்யாணமான வருடம் நவம்பர் மாதம், கல்லறைத் திருநாள் வந்தது. இறந்தவர்களுக்குப் பூசை வைக்க, இங்கே பிரான்சில் நாங்கள் போகிற கோயிலில் பெயர் கொடுக்க வேண்டும். தெரேஸ் புது மருமகள், பக்தி அதிகம். எங்கள் வீட்டு ஆட்களின் பெயரையும் கேட்டு எழுதினாள். "உங்க அண்ணன் பேரும் சேத்துட்டேன்" என்றாள். நான் என்ன சொல்ல முடியும்? சாமியார் ஒவ்வொரு பெயராகப் படித்தார். அந்துவான் என்று அவர் வாயில் வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் பெயர் படிக்க ஆரம்பித்தாலே கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் வேறு எதையாவது நினைப்பேன். நான் உருகி ஜெபிக்கிறேன் என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். கிளேர் நடக்கப் பழகியதிலிருந்து பெரியப்பாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள். உயிரோடு இருப்பவனுக்கு!

4

கோயிலை ஏமாற்றிவிடலாம், பிரெஞ்சு அலுவலகத்தை ஏமாற்ற முடியாது. வெளிநாட்டில் ஓய்வூதியம் வாங்குகிறவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று வருடத்துக்கு ஒரு முறை தாள் கொடுக்க வேண்டும். நம் ஊர்ச் சொல்தா குடும்பங்களுக்கு இது தெரியும். அண்ணனால் தன் காரியத்தைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று நான்தான் பொறுப்பாளனாகக் கையெழுத்திட்டிருக்கிறேன். அதனால் அந்தத் தாள் என் முகவரிக்கு வரும். நான் அதை உறையில் போட்டு அரியாங்குப்பத்துக்கு அனுப்புவேன். தனலட்சுமி அக்கா அண்ணனுக்குச் சட்டை மாட்டிக் கூட்டிக்கொண்டு போய் அதிகாரி முன்னால் நிறுத்துவார். அதிகாரி பார்த்து முத்திரை குத்துவார். ஓய்வூதியம் அங்கேயே போய்விடும். அதில் நான் கை வைத்ததில்லை, யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

இலையுதிர் காலம் வந்துவிட்டால் தபால்பெட்டிச் சாவியை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. இந்த முறை முழங்கால் வீங்கி இரண்டு நாள் படுத்துவிட்டேன். அந்த இரண்டு நாளில் தபால் வந்துவிட்டது.

சாயங்காலம் மூன்று பேரும் சூப் குடிக்க உட்கார்ந்தோம். கிளேர் தாளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மேலே பெரிய எழுத்தில் 'உயிர்வாழ் சான்றிதழ்'. கீழே அண்ணனின் முழுப்பெயர், பிறந்த ஊர் புதுச்சேரி.

"பப்பா, செத்துப் போனவருக்கு இது எதுக்கு?"

"பழைய தாள். தப்பா அனுப்பியிருக்கானுங்க. இவனுங்களுக்கு வேற வேல இல்ல."

 அதே பார்வை, அதே காத்திருப்பு. கடையில் திருடினவளைப் பிடித்தால் நானும் இப்படித்தான் நிற்பேன். ஒன்றும் கேட்க மாட்டேன். அவர்களே பையைத் திறந்து காட்டிவிடுவார்கள்.

"யாரு சொன்னா உனக்கு? உங்கம்மாவா? குருசுக்குப்பத்துல எவனாவது போன் பண்ணானா?" என்று கத்தினேன்.

தெரேஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "போதுங்க" என்றாள். "எனக்குப் பத்து வருசமாத் தெரியும். அந்த வருசம் தாள் எங்கையில கெடச்சுது. படிச்சுட்டுத் திரும்ப ஒட்டி வெச்சேன். நீங்களா வாயத் தொறந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பத்து வருசமாத் தெரிஞ்சுகிட்டா பூசைக்குப் பேரு குடுத்த?"

"செத்தவங்க பட்டியல்லேர்ந்து அப்பவே எடுத்துட்டேன். நோயாளிங்க பட்டியல்ல போட்டுட்டேன். ஒவ்வொரு மாசமும் படிக்கறாங்க, எம் பக்கத்துலதான் நிக்கறீங்க. ஒரு நாளாவது காது குடுத்துக் கேட்டீங்களா?"

கைக்குட்டை திருடுகிறவளைப் பத்து மீட்டருக்கு அப்பால் பிடிக்கிறவன் நான். என் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. கோபம் மாதிரி காட்டிக்கொண்டேன்.

கிளேர் மெதுவாகக் கேட்டாள். "அவர யாரு பாத்துக்கறாங்க?"

சொன்னேன்.

"நீ கடைசியா எப்பப் பாத்த?"

"பத்தொம்பது வருசம் ஆச்சு."

"ஆனா நாம நாலு தடவ பாண்டி போனோமே."

"போனோம்."

"அரியாங்குப்பம் ரொம்ப தூரமா?"

பாலத்தைத் தாண்டினால் அரியாங்குப்பம். பஸ்ஸில் பத்துப் பதினைந்து நிமிடம். நான் கரண்டியால் சூப்பைக் கிளறினேன். தெரேஸ்தான் சொன்னாள். கிளேர் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். சூப் ஆறிப்போனது.

அன்று நான் பயந்தது எதற்கு என்று ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். முதல் பயம், இனி என்னை அப்பா என்று மதிக்க மாட்டாள். நோயாளிகளுக்காக நோட்டு நோட்டாக எழுதுகிறவள், கூடப் பிறந்தவனை நோயாளி என்பதற்காகவே செத்தவனாக்கியவனை எப்படி மதிப்பாள்? இரண்டாவது பயம் இதைவிட மோசம். தபால்பெட்டிச் சாவியை மறைக்கிறேன், நோட்டைப் பிரிக்கிறேன், யார் சொன்னது என்று எல்லோரையும் கேட்கிறேன். அண்ணனும் இப்படித்தானே ஆரம்பித்தான்?

5

மூன்றாம் நாள் கிளேர் அறிவித்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் புதுச்சேரி போகிறாள். இந்த முறை தாளை அவளே கையில் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

"அவன வெச்சு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் போறியா?" என்றேன். வேறு எப்படியும் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

"சொந்தக்காரங்களப் பத்தி எழுதக் கூடாது, பப்பா. எழுதினாலும் ஏத்துக்க மாட்டாங்க."

"அப்ப எதுக்குப் போற?"

"அவரு எனக்குப் பெரியப்பா. அதுக்குத்தான்."

நம்பினேனா? இல்லை. நானும் டிக்கெட் எடுத்தேன். துணைக்குப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். காவலுக்குப் போகிறேன் என்பதுதான் நிஜம். இரண்டு பேரும் சந்தித்தால் அண்ணன் என்னைப் பற்றி என்ன சொல்வான், இவள் அதை எந்த நோட்டில் எழுதுவாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரேஸ் வரவில்லை. "மொதல்ல நீங்க போய் மூஞ்சியக் காட்டிட்டு வாங்க" என்றாள்.

புதுச்சேரியில் இறங்கி மறுநாள் காலை பஸ் ஏறினோம். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். பஸ் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"இது ரத்தத்துல வருமா?"

அவள் உடனே ஆறுதல் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னாள். "குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா மத்தவங்களுக்கு வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம். ஆனா நெறய பேருக்கு வராது. சாதாரணமா சின்ன வயசுலயே ஆரம்பிக்கும். உனக்கு இருக்கறது பயம், பப்பா."

"நீ பரிசோதிச்சுப் பாத்தியா?"

"இல்ல. உன்ன நான் பரிசோதிக்கக் கூடாது. நான் உன் பொண்ணு."

பாலம் வந்தது. ஆற்றைப் பார்க்காமல் என் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் பாடம் மாதிரி எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். "அவரு எதாவது தப்பா நம்பிச் சொன்னா, பொய்னு சண்ட போடாத. அதே சமயம் ஆமான்னும் தலையாட்டாத. அவருக்கு எப்படி இருக்குன்னு மட்டும் கேளு." சரி சரி என்றேன். இந்தக் கேள்வியிலிருந்து நான் எங்கே போனாலும் தப்ப முடியாது.

6

தனலட்சுமி அக்காவுக்கு முடி நரைத்துவிட்டது. வாசலிலேயே நின்றிருந்தார். கிளேர் கை கூப்பி, "வணக்கம் மதாம்" என்றாள். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மதாமாம்ல! வா கண்ணு, உங்க பெரியப்பா பின்னாலதான் குந்திகினு கீராரு" என்று உள்ளே அழைத்துப் போனார்.

நான் போகவில்லை.  வீட்டைச் சுற்றிப் பக்கவாட்டுச் சந்து வழியாகப் போய்ப் பின்கட்டு மதிலோரம் குழாயடியில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் தெரியும், பேசினால் கேட்கும். நான் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. இத்தனை வருட வேலை கற்றுக்கொடுத்த இடம்.

அண்ணன் சுவரில் முதுகைச் சாய்த்துக் கதவைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். நன்றாகச் சவரம் செய்திருந்தான். மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை. ஒவ்வொரு இலையாக நிதானமாக உருவிக்கொண்டிருந்தான். எனக்கு அப்பா உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

கிளேர் கிட்டே போகவில்லை. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். "நான் கிளேர்" என்றாள்.  ஒரு கொத்தை எடுத்து அவளும் உருவ ஆரம்பித்தாள். காம்போடு சேர்த்துப் போட்டாள். அவன் அதை எடுத்துக் காம்பைக் கிள்ளிவிட்டுத் திரும்பப் போட்டான். கால் மணி நேரம் இப்படியே போனது. நோட்டு இல்லை, பேனா இல்லை. அவள் பையைக்கூட வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள் என்று அப்போதுதான் கவனித்தேன்.

"உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" என்றாள் மெதுவாக.

போட்டு வாங்குகிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது. சொல்லப் போகிறான். ஒரு நாளைக்கு என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான், திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்லப் போகிறான். கையால் குழாயைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் கதவை ஒரு முறை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "தம்பி ஒருத்தன் இருக்கான். ஆல்பேரு. பிரான்சுல புடிச்சு வெச்சிருக்கானுங்க."

"யாரு?"

"அவனுங்கதான். ஊருக்குக் கூட்டியாருவானுங்க, நாலு பக்கமும் ஆளு நிப்பான். இந்தப் பக்கம் தாண்ட வுட மாட்டானுங்க. வுட்டா மொதல்ல இங்கதான் வருவான். பாவம், அவனுக்குத்தான் கஷ்டம்."

தனலட்சுமி அக்கா எப்போது என் பக்கத்தில் வந்து நின்றார் என்று தெரியவில்லை. "எப்பவும் இதான் சொல்வாரு" என்றார் என் காதோடு. "நீங்க ஊருக்கு வந்த நாலு தடவயும் மாதா கோயில்ல யாராவது பாத்துட்டு வந்து சொல்லிடுவாங்க. வரலியேன்னு நான் கோவப்படுவேன். என்னைய அதட்டுவாரு. அவன வுட மாட்டானுங்க, உனக்கு ஒன்னும் தெரியாதுன்னுவாரு."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குழாயடி ஈரம் பேண்ட்டில் ஏறியது. இத்தனை வருடமும் என்மேல் துளி சந்தேகம் படாத ஒரே மனிதன் அவன்தான். எல்லோரையும் சந்தேகப்பட்டு என்னை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறான். எழுந்து எப்படி நடந்தேன் என்று தெரியாது, பின்கட்டுக்குள் போய் அவன் முன்னால் நின்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். நேரம் எடுத்துக்கொண்டான்.

"ஆல்பேரு."

"ஆமாண்ணே."

"வுட்டுட்டானுங்களா உன்ன?"

கிளேர் என்னைப் பார்த்தாள். பொய் என்றும் சொல்லாதே, ஆமாம் என்றும் சொல்லாதே என்று பஸ்ஸில் படித்துப் படித்துச் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது.  ஆனால் யார் என்னைப் பிடித்து வைத்திருந்தது என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்?

"வுட்டுட்டாங்கண்ணே" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். கிளேர் தடுக்கவில்லை. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணன் நகர்ந்து எனக்குச் சுவரோரம் இடம் விட்டான். உட்கார்ந்தேன். என் தோளைத் தொட்டுப் பார்த்தான், கையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு குனிந்து, எதிரே கீரை உருவிக்கொண்டிருந்த கிளேரைக் கண்ணால் காட்டி, என் காதில் கேட்டான்.

"இந்தப் பொண்ணு வந்ததுலேர்ந்து நல்லாத்தான் பேசுது. ஆனா எனக்குத் தெரியல. நீ சொல்லு. அவனுங்க ஆளா, நம்ம ஆளா?"

"நம்ம ஆளுண்ணே. எம் பொண்ணு."

"நல்லாப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேண்ணே."